அஞ்சா, ஆறா

"அஞ்சு!"

"ஆறு!"

"அஞ்சுங்கறேன்! முப்பது வருசமா கோயில்ல பிள்ளைங்களுக்கு ஞானோபதேசம் சொல்லிக் குடுக்கறவன் நான். எனக்கா தெரியாது?"

"முப்பது வருசமும் தப்பாச் சொல்லிக் குடுத்திருக்கீங்க, சம்பந்தி. பைபிளத் தொறந்து விரல் விட்டு எண்ணுங்க. ஆறு!"

பெர்மாஸ் ஜெயா குடியிருப்பில் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் மூன்று மணிக்கு எங்கள் வீட்டு வரிசை மொத்தமும் தூங்கும். அந்த நேரத்தில் இரண்டு பெரிய மனிதர்கள் கார் கதவைக்கூடச் சாத்தாமல் ரோட்டில் நின்று எண் சொல்லிக் கத்தினால் யாருக்குத் தூக்கம் வரும்? என் வீட்டுக்காரர் சோஃபாவிலிருந்து தலையைத் தூக்கி, "யாருக்கு நம்பர் அடிச்சிருக்கு?" என்று கேட்டார். அவருக்கு எண் என்றால் லாட்டரிக் கடையில் எழுதுவது ஒன்றுதான். நான் துடைப்பத்தை எடுத்துக்கொண்டு வெளியே போனேன். வாசல் சுத்தமாகத்தான் இருந்தது. காலையில்தான் கூட்டியிருந்தேன்.

அஞ்சு என்று கத்தியவர் எங்கள் பக்கத்து வீட்டு கிரகோரி. துறைமுகத்தில் சரக்கு சரிபார்க்கும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றவர். எங்கள் கோயிலில் வாசகம் வாசிப்பவர். நெஞ்சில் இரண்டு ஸ்டென்ட். ஆறு என்று கத்தியவர் ஸ்கூடாயிலிருந்து வந்திருந்த ஜோன். மெதடிஸ்ட் சபையில் பெரிய ஆள், குரலும் பெரிது. கிரகோரியின் மகள் ஜாக்லினை ஜோனின் மகன் திமோத்திக்கு நிச்சயம் செய்து நான்கு மாதம் ஆகியிருந்தது. நாங்கள் கத்தோலிக்கர், அவர்கள் புரோட்டஸ்டன்ட். தாலி எந்தக் கோயிலில் என்று நான்கு மாதமும் சண்டை போட்டு, காலையில் எங்கள் கோயிலில் தாலி, சாயங்காலம் அவர்கள் சபையில் நன்றி ஆராதனை என்று அப்போதுதான் ஒருவழியாக முடித்திருந்தார்கள். அதற்குள் இது என்ன புதுச் சண்டை?

திமோத்தி நடுவில் நின்று இரண்டு பேருடைய தோளிலும் கை போட்டிருந்தான். "அப்பா, போதும்லா. அங்கிள், நீங்களும் விடுங்க. அக்கம்பக்கம் பாக்குது." அக்கம்பக்கம் என்றால் நான்தான். என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரித்தான். அந்தச் சிரிப்புக்கு எங்கள் வரிசையே அடிமை. தனியார் கல்லூரியில் கணினிப் பாடம் நடத்துகிறவன். வரும்போதெல்லாம் யார் காரில் அரிசி மூட்டை இருந்தாலும் கேட்காமலே தூக்கி உள்ளே வைப்பான். என்னை "ஆண்ட்டி, இன்னும் இளமையாத்தான் இருக்கீங்க" என்று இரண்டு முறை சொல்லியிருக்கிறான். மூன்றாவது முறைக்கு நான் காத்திருந்தேன் என்பதை மறைக்கவில்லை.

ஜாக்லின் மட்டும் காரை விட்டு இறங்கவில்லை. பின் இருக்கையில் வலது கையை இடது கையால் பிடித்தபடி உட்கார்ந்திருந்தாள். அவளுடைய அம்மா ஜெரால்டின் யாரையும் பார்க்காமல் வீட்டைத் திறந்து உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே ஒரு தட்டில் கேசரி வைத்துக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனேன். செய்தி வேண்டுமென்றால் ஏதாவது கொண்டு போக வேண்டும், அது வழக்கம்.

விஷயம் இதுதான். தொலைக்காட்சியில் 'இருவர் ஒரு விடை' என்று ஒரு வினாடி வினா வந்ததே, ஞாபகம் இருக்கும். கணவன் மனைவியோ, கல்யாணம் நிச்சயமானவர்களோ ஜோடியாக வந்து பதில் சொல்ல வேண்டும். அதற்குத்தான் இரண்டு குடும்பமும் கோலாலம்பூருக்குப் போயிருந்தார்கள். ஜாக்லின் கெட்டிக்காரி. சிங்கப்பூரில் ஒரு பல் மருத்துவரிடம் உதவியாளராக இருக்கிறாள். விடியற்காலையில் பாலம் தாண்டி அங்கே போகும் பஸ்ஸில் மற்றவர்கள் வாயைத் திறந்துகொண்டு தூங்கும்போது இவள் கைப்பேசியில் தலைநகரம், நதி, நோபல் பரிசு என்று படித்துக்கொண்டிருப்பாள். பதினோரு கேள்விக்கும் அவள்தான் பதில் சொன்னாளாம். பன்னிரண்டாவது கடைசிக் கேள்வி. பரிசுப் பணம் ஐம்பதாயிரம் வெள்ளி.

"என்ன கேட்டாங்க?" என்றேன்.

கிரகோரி நாற்காலியில் நிமிர்ந்தார். "பத்துக் கட்டளைகளில் 'கொலை செய்யாதிருப்பாயாக' என்பது எத்தனையாவது கட்டளை? நாலா, அஞ்சா, ஆறா, ஏழா?"

"அஞ்சு," என்றேன், யோசிக்காமல். எங்கள் கோயிலில் வளர்ந்த எந்தப் பிள்ளையைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் அஞ்சு என்றுதான் சொல்லும்.

"கேட்டியா ஜெரால்டின்? அக்கா சொல்றாங்க பாரு!"

சிக்கல் அங்கேதான். அதே கட்டளை அவர்கள் சபையில் ஆறாவது. ஆரம்பத்தில் வரும் இரண்டை நாங்கள் ஒன்றாகச் சேர்த்து எண்ணுவோம், அவர்கள் பிரித்து எண்ணுவார்கள். கடைசியில் நாங்கள் பிரிப்போம், அவர்கள் சேர்ப்பார்கள். மொத்தம் பத்துதான். கேள்வி எழுதியவர் இந்துவாக இருக்க வேண்டும், ஏதோ ஒரு புத்தகத்தைப் பார்த்து எழுதிவிட்டார். அவருடைய புத்தகத்தில் ஆறு. இவர்கள் அழுத்தியதும் ஆறு. ஜெயித்துவிட்டார்கள். ஒளிபரப்பாகும்வரை வெளியே மூச்சு விடக்கூடாது என்று எல்லோரிடமும் கையெழுத்து வாங்கியிருக்கிறார்களாம். அதை கிரகோரி என்னிடம் சொன்னார் என்பதை நான் எட்டு வீட்டுக்குத்தான் சொன்னேன்.

"ஜெயிச்சும் எதுக்கு மூஞ்சத் தூக்கி வச்சிருக்கா?" என்று ஜாக்லினைக் காட்டிக் கேட்டேன். அவள் சமையலறை வாசலில் நின்றிருந்தாள்.

"என் மக விசுவாசத்த விட்டுக் குடுக்கலக்கா," என்றார் கிரகோரி. "அவ அஞ்சுன்னுதான் நின்னா. மாப்பிள்ள ஆறுன்னாரு. அந்த வருத்தம். கல்யாணமே வேணாம்னு ஒரே பிடிவாதம். நான்தான் சொன்னேன், இதுக்கெல்லாம் கல்யாணத்த நிறுத்துவாங்களாம்மா? அவங்க எண்றது அப்படி. நாம எண்றது இப்படி." சொல்லும்போது அவருக்குப் பெருமை தாங்கவில்லை. மகள் ஒரு கட்டளைக்காக ஐம்பதாயிரத்தையும் மாப்பிள்ளையையும் தூக்கி எறியத் தயாராக இருக்கிறாள் என்றால் எந்த ஞானோபதேச வாத்தியாருக்குத்தான் சந்தோஷமாக இருக்காது?

ஜாக்லின் தட்டை வாங்க வந்தபோதுதான் அவளுடைய வலது மணிக்கட்டைப் பார்த்தேன். நான்கு விரல் அகலத்துக்குக் கன்றிப்போய் ஊதா நிறமாக இருந்தது.

"என்னடி இது, போட்டியில ஜெயிச்சதுக்கு மாப்பிள்ள போட்ட வளையலா?"

நான் வேடிக்கையாகத்தான் கேட்டேன். வேடிக்கையாகக் கேட்பதில் எனக்கு ஊரில் பெயர் உண்டு. அவள் என்னை ஒரு நிமிஷம் பார்த்தாள். பிறகு, "ஆமா ஆண்ட்டி. டிவில வரும். பாருங்க," என்று சொல்லிவிட்டு உள்ளே போனாள். ஜெரால்டின், "கார் கதவுல இடிச்சுக்கிட்டா," என்றாள். யாரும் அவளைக் கேட்கவில்லை.

இரண்டு நாள் கழித்து, துணி காயப்போடும் இடத்தில் ஜாக்லினைத் தனியாகப் பிடித்தேன். அவள் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் இடையில் பின்பக்கம் இடுப்பளவு சுவர்தான். இடது கையால் மட்டும் துணி பிழிந்துகொண்டிருந்தாள்.

"நிஜமா என்னதான் நடந்துச்சு, சொல்லு."

அவள் துணியைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். கடைசிக் கேள்விக்கு மட்டும், விடை எழுதிய நான்கு தட்டுகளில் ஒரே தட்டின்மேல் இரண்டு பேருமே கை வைத்து அழுத்த வேண்டுமாம். ஒருவர் கை மட்டும் பட்டால் விளக்கு எரியாது. முப்பது நொடிதான் நேரம்.

"நான் அஞ்சுமேல கைய வச்சேன் ஆண்ட்டி. வச்ச உடனேயே எனக்கும் டவுட்டு வந்திருச்சு, ஆறுன்னும் எங்கயோ படிச்சிருக்கேனே, யார் கணக்கு இதுன்னு. அதச் சொல்லத்தான் திரும்பினேன். அதுக்குள்ள என் மணிக்கட்டப் பிடிச்சிட்டாரு. பிடிச்சு முறுக்கினாரு. முறுக்கி, ஆறுமேல கொண்டுபோயி வச்சு அழுத்தினாரு. அவரு முகத்துல அந்தச் சிரிப்பு மாறவே இல்ல. அதான் எனக்குப் பயமா இருந்துச்சு. காதுகிட்ட வந்து ஒண்ணு சொன்னாரு."

"என்ன?"

"'கல்யாணம் ஆகட்டும், எதுத்து நிக்கிறதுன்னா என்னான்னு சொல்லித் தரேன்'னு."

பிறகு கேட்கக்கூடாததைக் கேட்டேன். "இது மொதத் தடவையா?"

"மூணாவது."

"வீட்டுல சொன்னியா?"

"சொன்னேன். அப்பா, ஆறுன்னு அழுத்தினதுக்காக நான் கதை கட்டுறேன்னு நெனைக்கிறாரு. அவரும் ஸ்டூடியோவுல முன் வரிசையிலதான் உக்காந்திருந்தாரு. ஆனா கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டிருந்தாரு. அம்மா ஓரமா இருந்தாங்க. என் கையி அவங்க பக்கம்தான். அம்மா பாத்தாங்க." துணியை உதறினாள். "பாக்கலங்கறாங்க."

"அவன் வந்து அழுது மன்னிப்புக் கேட்டானாமே? உங்கம்மா சொன்னா."

"கேட்டாரு. முன்ன ரெண்டு தடவையும் கேட்டாரு."

கல்யாணம் ஆனால் எல்லாம் சரியாகிவிடும், ஆண்பிள்ளைகளுக்கு இந்தப் பதற்றமெல்லாம் குழந்தை பிறந்தால் அடங்கிவிடும் என்றேன். என் வாயிலிருந்து அதுதான் வந்தது. அவள் கோபப்படவில்லை. "நீங்க டிவில பாருங்க ஆண்ட்டி. எல்லாரையும் கூட்டிட்டு வந்து பாருங்க. நாலு பேரு பாத்தா போதும்," என்றாள்.

அன்றிரவு சாப்பாட்டு நேரத்தில் அப்பாவும் மகளும் பேசியது சுவர் வழியாக எங்கள் வீட்டுக்கே கேட்டது. என் வீட்டுக்காரர் செய்தியின் சத்தத்தைக் கூட்டப் போனார், நான் ரிமோட்டை எடுத்து வைத்துக்கொண்டேன்.

"சரி, டிவில வருமில்ல?" என்றார் கிரகோரி. "அத்தன கேமரா வச்சிருந்தாங்களே. அவரு உன் கைய முறுக்கினது அதுல இருந்துச்சுன்னா, நானே கல்யாணக் கார்ட எல்லார் முன்னாடியும் கிழிக்கிறேன். மாதா மேல சத்தியம். இல்லைன்னா?"

"இல்லைன்னா நீங்க சொல்றதக் கேக்கறேன்."

"வாய மூடிக்கிட்டு கல்யாணம் பண்ணிக்குவே?"

"பண்ணிக்கறேன்ப்பா."

அவள் குரலில் ஒரு நிம்மதி இருந்தது. பதில் தெரிந்த கேள்வியைக் கேட்டால் பள்ளிக்கூடத்துப் பிள்ளைக்கு இருக்குமே, அந்த மாதிரி. தொலைக்காட்சியில் நடந்தது நடந்தபடி வரும் என்றுதான் அவள் நம்பினாள். கிரகோரியும் நம்பினார். எனக்கும் அப்போது வேறு மாதிரி தோன்றவில்லை.

ஜூன் முதல் சனிக்கிழமை எட்டரை மணிக்கு ஒளிபரப்பு. அதற்கு இரண்டு மாதம் இருந்தது. அந்த இரண்டு மாதமும் எங்கள் வரிசையில் வேறு பேச்சே இல்லை. அதற்கு நான் பொறுப்பில்லை என்று சொல்ல மாட்டேன். ஜாக்லின் சொன்னதை நான் யாரிடமும் சொல்லவில்லை, அது உண்மை. ஆனால் அஞ்சு ஆறு கதையை எல்லோரிடமும் சொன்னேன். அது சுவையான கதை. முனையில் குடியிருக்கும் ஜெயபாலன் ஒரு படி மேலே போய், அஞ்சும் ஆறும் சேர்த்து லாட்டரியில் எழுதினார். ஒன்றும் விழவில்லை. கல்யாணத்துக்கு அறுநூறு பேருக்குக் கார்டு அடித்துவிட்டார்கள். மண்டபத்துக்கு முன்பணம் போனது. திமோத்தி வாரம் தவறாமல் வந்து மாமியாருக்குப் பழம் கொடுத்தான். கல்யாணத்தை ஆகஸ்ட் கடைசியில் வைத்திருந்தார்கள்.

ஒளிபரப்பு நாளன்று கிரகோரி வீட்டுக் கூடத்தில் இருபது பேருக்கு மேல் இருந்தோம். நாற்காலி போதாமல் நாங்கள் நான்கைந்து பேர் தரையில் உட்கார்ந்தோம். ஜோன் குடும்பத்தோடு வந்திருந்தார், திமோத்தி கையில் ஒரு பெரிய கேக். 'வாழ்த்துகள்' என்று அதன்மேல் எழுதியிருந்தது. ஜாக்லின் தொலைக்காட்சிக்கு நேரே, எல்லோருக்கும் முன்னால், முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள்.

"அலமாக், நம்ம ஜாக்லினா இது! டிவில என்ன கலரு!" என்று வாயைப் பிளந்தார் ஜெயபாலன்.

"மேக்கப்பு லா," என்றாள் அவருடைய மனைவி.

பதினோரு கேள்வியும் சரசரவென்று போயிற்று. ஒவ்வொன்றுக்கும் நாங்கள் கைதட்டினோம். பன்னிரண்டாவது கேள்வி திரையில் வந்ததும் ஜோன் தொண்டையைச் செருமினார், கிரகோரி அவரைத் திரும்பிப் பார்த்தார், இரண்டு பேரும் சும்மா இருந்துவிட்டார்கள். முப்பது நொடிக் கடிகாரம் ஓட ஆரம்பித்தது. இசை தடதடத்தது. ஜாக்லினின் கை அஞ்சு என்று எழுதிய தட்டின்மேல் போய் உட்கார்ந்தது. அவள் திமோத்தியின் பக்கம் திரும்பினாள். அவன் சிரித்தபடி கையை நீட்டினான்.

அந்த இடத்தில் படம் மாறியது.

திரை முழுவதும் கிரகோரியின் முகம். கண்களை இறுக மூடி, கையில் ஜெபமாலையோடு, உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது. பிறகு ஜோன், ஒரு கையை வானத்துக்குத் தூக்கியபடி. மறுபடி கிரகோரி, இந்த முறை இன்னும் பக்கத்தில், மூக்குத் துவாரம் தெரிகிற அளவுக்கு. கூடத்தில் எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "அங்கிள், நீங்கதான் ஹீரோ!" என்று யாரோ கத்தினார்கள். கிரகோரிக்கு வெட்கமும் சந்தோஷமும் தாங்கவில்லை.

மறுபடி மேடையைக் காட்டியபோது இரண்டு கையும் ஆறின்மேல் இருந்தன. தட்டு பச்சையாக எரிந்தது. மேலேயிருந்து காகிதப் பூக்கள் கொட்டின. திமோத்தி ஜாக்லினைத் தோளோடு அணைத்திருந்தான். அவளுடைய கண்ணில் தண்ணீர். ஆனந்தக் கண்ணீர் என்று அறிவிப்பாளர் சொன்னார்.

கூடத்தில் விசில் பறந்தது. ஜாக்லின் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. விளம்பரம் ஓட ஆரம்பித்த பிறகுதான் திரும்பினாள்.

"அந்த இடம் எங்க?" என்றாள்.

"எந்த இடம்?" என்றான் திமோத்தி.

"நீங்க என் கைய முறுக்கின இடம்."

விசில் நின்றது. யாரோ ஒருவர் தொலைக்காட்சியின் சத்தத்தைக் குறைத்தார்.

திமோத்தி சங்கடமாகச் சிரித்தான். "டைம் பத்தாதுல்ல ஜாக்கி, எடிட் பண்ணியிருப்பாங்க. ரெண்டு மணி நேரம் எடுத்தத ஒரு மணி நேரமா ஆக்கணுமே." பிறகு எங்களைப் பார்த்து, "அன்னிக்கு ரொம்ப டென்ஷன் ஆயிட்டா, பாவம். கையெல்லாம் நடுங்குச்சு. நான்தான் பிடிச்சுக்கிட்டேன்," என்றான்.

"பிடிச்சுக்கிட்டாரு!" என்றாள் ஜாக்லின். எழுந்து நின்றாள். "ஒரு வாரம் எனக்குக் கைய மடக்க முடியல. கிளினிக்குல என்கூட வேல பாக்கற லோஷினிதான் கட்டுப் போட்டுவிட்டா, கேட்டுப் பாருங்க. முறுக்கினாரு. எல்லார் முன்னாடியும் சொல்றேன்."

"பேசாம இரும்மா," என்றார் கிரகோரி. குரல் கோபமாக இல்லை, கெஞ்சலாக இருந்தது. "டிவிலதான் பாத்தோமே. அப்படி ஒண்ணும் இல்லையே. நீதானே சொன்னே?"

அவள் கொஞ்ச நேரம் எங்களையெல்லாம் பார்த்தாள். என் முகத்திலும் அவள் பார்வை நின்றது. நான் தரையில் கிடந்த நிலக்கடலைத் தோலைப் பொறுக்கினேன். கடைசியில் அவள் தன் அம்மாவிடம் திரும்பினாள்.

"அம்மா, நீங்க சொல்லுங்க. நீங்க பாத்தீங்க."

ஜெரால்டின் சமையலறை வாசலில் தட்டுகளை அடுக்கிப் பிடித்தபடி நின்றிருந்தாள். அவளுடைய வாய் ஒருமுறை திறந்து மூடியது. கணவனின் நெஞ்சைப் பார்த்தாளா, ஜோனைப் பார்த்தாளா, மேசையில் கிடந்த கல்யாணக் கார்டுக் கட்டைப் பார்த்தாளா, எனக்குத் தெரியாது. நான் அவள் முகத்தையேதான் பார்த்துக்கொண்டிருந்தேன், ஆனாலும் தெரியவில்லை.

"கேக் வெட்டலாம், எல்லாரும் வாங்க," என்றாள்.

வெட்டினோம். நன்றாகத்தான் இருந்தது, டுரியான் வைத்த கேக். நான் இரண்டு துண்டு சாப்பிட்டேன்.

எங்கள் கோயிலில் கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிற்றுக்கிழமை ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம் நடக்கவிருக்கிறது, தடை ஏதும் அறிந்தவர்கள் பங்குக் குருவிடம் தெரிவிக்க வேண்டும் என்று அறிவிப்பார்கள். இப்போது பல ஊர்களில் பலகையில் ஒட்டிவிட்டுப் போய்விடுகிறார்கள். எங்கள் கோயிலில் வாசிப்பவர் கிரகோரி என்பதால் வாசித்துத்தான் ஆக வேண்டும். தன் மகள் பெயரைத் தானே வாசித்தார்.

முதல் ஓலைக்கு ஜாக்லின் வந்திருந்தாள், பின் பெஞ்சில். இரண்டாவதற்கு அவள் வரவில்லை. சிங்கப்பூரில் வேலை என்றார்கள். மூன்றாவது ஞாயிறு நான் ஜெரால்டினுக்குப் பக்கத்தில் இடம் பிடித்து உட்கார்ந்தேன். இந்த முறை ஏதாவது நடக்கும் என்று எனக்கு உள்ளுக்குள் ஓர் ஆசை. மறைப்பானேன், வேடிக்கை பார்க்கும் ஆசைதான் அது. "தடை ஏதும் அறிந்தவர்கள்" என்று கிரகோரி வாசித்தபோது ஜெரால்டினின் கை பாட்டுப் புத்தகத்தின் ஓரத்தைக் கசக்கியது. முன்பக்கம் ஏதோ குழந்தை அழுதது. மின்விசிறி சுற்றியது. அவள் எழுந்திருப்பாள் என்று நான் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

எனக்கும் ஒரு தடை தெரியும் என்பது, பூசை முடிந்து வாசலில் செருப்பைத் தேடும்போதுதான் நினைவுக்கு வந்தது. மணிக்கட்டை என் கண்ணால் பார்த்தவள் நான். மூன்றாவது தடவை என்று என்னிடம்தானே சொன்னாள். ஆனால் பங்குச் சாமியாரின் அறை வாசலில் ஞானஸ்நானத்துக்குப் பெயர் கொடுக்கும் கூட்டம் நின்றது. வெயிலும் ஏறிவிட்டது. வீட்டில் மீன் வெளியே எடுத்து வைத்திருந்தேன். வந்துவிட்டேன்.

ஆகஸ்டில் கல்யாணம் நடந்தது. ஜாக்லின் கொடுத்த வார்த்தைப்படி வாயைத் திறக்கவில்லை. சாமியார் கேட்ட கேள்விக்கு மட்டும் "சம்மதம்" என்றாள், அதுவும் இரண்டாவது முறை கேட்டபோது. சாயங்கால ஆராதனையில் ஜோன் அரைமணி நேரம் சாட்சி சொன்னார். கடவுள் தொலைக்காட்சி வழியாகக்கூடத் தம் சித்தத்தைக் காட்டுகிறார் என்றார். ஆறு என்ற எண் வந்தபோதெல்லாம் கிரகோரி தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரிசுப் பணத்தில் ஸ்கூடாயில் வீட்டுக்கு முன்பணம் கட்டினார்கள். வீடு திமோத்தி பெயரில்.

முதல் கிறிஸ்துமஸுக்கு வந்தார்கள். அவன் வழக்கம்போல எனக்கு அரிசி மூட்டை தூக்கிக் கொடுத்தான். ஜாக்லின் வேலையை விட்டுவிட்டதாகச் சொன்னாள்; அவன்தான் போக வேண்டாம் என்றானாம். பாலம் தாண்டிப் போவது கஷ்டம், பாவம் என்றானாம். அடுத்த தவக்காலத்தில் ஒரு பையோடு தனியாக வந்தாள். இரண்டு நாள் இருந்தாள். மூன்றாம் நாள் கிரகோரியே காரில் கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தார். "வார்த்த குடுத்திருக்கேல்ல," என்று அவர் சொன்னது சுவர் வழியாகக் கேட்டது. அவள் பதில் சொன்னது கேட்கவில்லை.

இரண்டாவது கிறிஸ்துமஸுக்கு முன் வாரம் அவளைப் பெரிய ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். பாத்ரூமில் வழுக்கி விழுந்தாள் என்று திமோத்தி சொன்னான். தாடை இரண்டு இடத்தில் உடைந்திருந்தது. பத்து வருஷம் பல் மருத்துவரிடம் இருந்தவள், வழுக்கி விழுந்தால் தாடை எப்படி உடையும், எப்படி உடையாது என்று அவளுக்குத் தெரியும். வாயைக் கம்பி போட்டுக் கட்டியிருந்ததால் பேச முடியாது. தாளில் எழுதிக் காட்டினாளாம். போலீஸ்காரியும் நர்சும் அதை வாசித்தார்கள். கிரகோரியிடமும் ஒரு தாளைக் கொடுத்தாள். அதில் என்ன எழுதியிருந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அவர் மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, தாழ்வாரத்து நாற்காலியில் சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தார். அதற்குப் பிறகு கோயிலில் அவர் வாசகம் வாசிக்கவில்லை. ஞானோபதேச வகுப்பையும் விட்டுவிட்டார்.

ஆஸ்பத்திரியிலிருந்து ஜாக்லின் ஸ்கூடாய்க்கும் போகவில்லை, பெர்மாஸ் ஜெயாவுக்கும் வரவில்லை. அந்த லோஷினிதான் வந்து அழைத்துக்கொண்டு போனாள். இப்போது இரண்டு பேரும் சிங்கப்பூரில் ஓர் அறை எடுத்துக்கொண்டு இருக்கிறார்கள் என்று கேள்வி. எந்தப் பகுதி என்று நான் ஜெரால்டினிடம் கேட்டேன். "எதுக்கு?" என்று திருப்பிக் கேட்டாள். எதற்கென்று எனக்கும் சொல்லத் தெரியவில்லை.

போலீஸ் வழக்கு சாட்சி இல்லாமல் அப்படியே கிடந்தது. கல்யாணமாகி இரண்டு வருஷம் முடிந்ததும் கோர்ட்டில் விவாகரத்து கிடைத்தது. மறுமணத்துக்கு அவர்கள் சபையில் அது போதும். போன மார்ச்சில் திமோத்தி கூலாய் ஊர்ப் பெண் ஒருத்தியைக் கல்யாணம் செய்துகொண்டான். பாலர் பள்ளி டீச்சர், இருபத்து நான்கு வயது, நல்ல பிள்ளை என்கிறார்கள். ஜோன் எங்கள் வரிசையில் யாருக்கும் கார்டு வைக்கவில்லை. எங்கள் சபையில் அப்படி முடியாது. அந்தத் திருமணம் ஆரம்பத்திலிருந்தே செல்லாது என்று மேற்றிராசனத்து, அதாவது ஆயருடைய, திருமண நீதிமன்றம் சொன்னால்தான் ஜாக்லின் இன்னொரு வாழ்க்கையை நினைத்துப் பார்க்கலாம். சம்மதம் பயத்தில் சொன்னது என்று காட்ட வேண்டும். கல்யாணத்துக்கு முன்பே நடந்ததைக் கண்ணால் பார்த்த சாட்சி வேண்டும். சாட்சிகள் பெயர் கேட்ட இடத்தில் அவள் ஒரே ஒரு பெயரை எழுதியிருந்தாளாம், அம்மாவின் பெயர். என் பெயரை எழுதவில்லை.

சாட்சிக்கான கேள்வித் தாள் அங்கிருந்து ஜெரால்டினுக்கு வந்த அன்று பக்கத்து வீட்டில் சத்தமே இல்லை. எனக்குத் தெரிந்த முப்பத்தொரு வருஷத்தில் முதல்முறையாகக் கிரகோரி தானே சோறு வடித்தார். ஜெரால்டின் பகல் முழுவதும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அதற்குப் பதில் எழுதினாள். மறுநாள் காலை அதைத் தானே கொண்டுபோய்த் தபாலில் போட்டுவிட்டு, ஒரு பெட்டியோடு சாஆ என்ற ஊரில் இருக்கும் தங்கை வீட்டுக்கு பஸ் ஏறிவிட்டாள். அங்கே எண்ணெய்ப்பனை ஆலைக்குப் பக்கத்துச் சாப்பாட்டுக் கடையில் வேலை பார்க்கிறாளாம். திரும்பி வருவதாக இல்லை. கிரகோரி வீட்டை விற்பதற்குப் போர்டு மாட்டியிருக்கிறார். போன வாரம் வந்து பார்த்துவிட்டுப் போனவர்கள் பத்து பஹாட் என்ற ஊரிலிருந்து வரும் ஒரு சீனக் குடும்பம். மூன்று பிள்ளைகள்.